நாலு ரயர், இரண்டு எலுமிச்சம்பழம்

அத்தியாயம் 9

கிளடிஸ் அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது. துப்பறிவதற்கு லைசன்ஸ் வைத்து ஊர் முழுக்கத் துப்பறிகிற அந்த மனுஷி, ஓட்டுநர் பரீட்சையில் நாலு தரம் கோட்டை விட்டவர். கடைசித் தரம் பரீட்சகர் பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார் என்று ஸ்காபரோவில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைப் பரப்பியவன் நான். பெயர் மாக்கஸ். அக்காவின் சாரதி, உதவியாளர், தேவையில்லாத இடத்தில் வாய் திறப்பவன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கும் பகிடி சரியாக வரவில்லை. 1996 மார்கழி இருபது, காலை பத்தரை மணி. பின்னேரம் இரண்டு மணிக்கு எக்ளின்ரன் வீதி நீதிமன்றத்தில் திலக்சன் என்ற இருபத்தாறு வயதுப் பொடியன் எழுந்து நின்று, தான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று எங்களை அமர்த்தியவர் சொல்லியிருந்தார். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குமேல் இந்தக் குற்றமும் ஏறினால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் அவனுக்கு என்ன காத்திருக்கும் என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்களை அமர்த்தியவர் சீமோன் அண்ணை. ரூஜ் பக்கம், ஒரு நீண்ட மேட்டின் அடிவாரத்துப் பிளாசாவில் கராஜ் வைத்திருப்பவர். திலக்சன் அவரிடம் இரண்டு வருடமாகக் கார்ச் சக்கரங்களுக்கு ரயர் பூட்டுகிறான்.

நடந்தது இதுதான். செவ்வாய் விடியப்புறம் ஸ்னோ கொட்டியது. ஆறு மணிக்குக் கிட்ட அந்த மேட்டு வீதியின் வளைவில் பஸ்ஸுக்கு நின்ற ஜெயமலர் என்ற பெண்ணை ஒரு சிவப்பு முஸ்டாங் அடித்துவிட்டு ஸ்னோக் குவியலுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. ஓட்டியவர் கதவைத் திறந்துபோட்டு ஓடிவிட்டார். ஜெயமலருக்கு இடுப்பெலும்பு முறிவு, தலையில் அடி. இன்னும் கண் விழிக்கவில்லை. அன்று மத்தியானமே திலக்சன் சாவி வளையத்தில் தொங்கிய கார்த் திறப்போடு பொலிசுக்குப் போய், "நான்தான்" என்றான். திங்கள் பின்னேரம் கராஜுக்கு வந்த காரை இரவு அங்கேயே நிறுத்திவிட்டு, விடியத் திருப்பிக் கொடுப்பதற்காக மேலே ஏற்றிக்கொண்டு போகும்போது சறுக்கிவிட்டது, பயத்தில் ஓடிவிட்டேன் என்பது அவன் வாக்குமூலம். பொலிசுக்கு வேறென்ன வேண்டும். தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

"அவன் ஓடியொளியிற பொடியன் இல்லை," என்றார் சீமோன் அண்ணை. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். "உள்ளுக்கிருந்து எனக்கு ஒரேயொரு போன் எடுத்தவன். வக்கீலைக் கேக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. அந்த அக்காவுக்கு எப்பிடி எண்டுதான் கேட்டவன்."

கிளடிஸ் அக்கா பதில் சொல்லாமல் வேலை மேசையில் படங்களைப் பரப்பினார். இழுவை லொறிக்காரரின் முற்றத்தில் முஸ்டாங்கை நான் எடுத்த பொலரொயிட் படங்கள். பத்தில் ஆறில் என் பெருவிரல்தான் கதாநாயகன். மிச்சம் நாலில் காரின் நாலு சில்லு.

"மாக்கஸ், முன் ரயரும் பின் ரயரும் ஏன் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாமல் கிடக்கு?"

"அது வழமை அக்கா. முன்னுக்கு ரெண்டு புது ஸ்னோ ரயர். பின்னுக்குக் கிடக்கிறது கோடைக்குப் போட்டது. ஸ்காபரோவில முக்கால்வாசித் தமிழ்க் கார் உப்பிடித்தான் ஓடுது."

"ஏன் முன்னுக்கு?"

"முன்சில்லுதானே காரை இழுக்கிறது." கார் ஓடத் தெரியாதவர்களுக்குச் சொல்லும் பொறுமையான குரலில் சொன்னேன்.

சீமோன் அண்ணை படத்தைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது நான் ஏதோ மடத்தனமாகச் சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியது.

"உம்மட கொரோலாக் காருக்கு இழுக்கும்தான். உது முஸ்டாங். உதைப் பின்சில்லுதான் தள்ளுறது." நாற்காலியில் பொத்தென்று இருந்தார். "முன்னுக்கு மட்டும் பிடிக்கிற ரயர், பின்னுக்கு வழுக்கிற ரயர். வளைவில பிரேக்கில கால் வைச்சால் முன்பக்கம் நிக்கும், பின்பக்கம் சுத்திக்கொண்டு முன்னுக்கு வரும். அந்தப் பிள்ளையைப் பின்பக்கம்தான் அடிச்சிருக்கும்."

"திலக்சனுக்கு உது தெரியுமோ?"

"தெரியுமோவோ? இஞ்ச வாற ஒவ்வொருத்தருக்கும் பாடம் எடுக்கிறவன். போன மாசம் ஒரு கலியாணத் தரகருக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினவன். அந்தாள் தரகை மறந்து ரயர் கதைக்கிற நிலைக்கு வந்திட்டுது."

"எத்தினை ரயர் எடுப்பிச்சனீங்கள்?"

"நாலு. காருக்குச் சொந்தக்காரப் பொடியன் ராகுலன், மேட்டுக்கு மேல இருக்கிற சிவபாதத்தாரின்ர மகன், தானே வந்து தெரிஞ்செடுத்தவன். ஒண்டரை மணித்தியாலம் நிண்டு தெரிஞ்சவன். கோடை ரயர் நல்ல அகலம், ஸ்னோவில மிதக்கும், ஒடுங்கினது வேணும், அதுதான் ஸ்னோவை வெட்டி நிலத்தைப் பிடிக்கும் எண்டு எனக்கே சொல்லித் தந்தவன். திங்கள் பின்னேரம் நான் விட்பி நகருக்குப் போயிட்டன். திலக்சன்தான் தனிய நிண்டு பூட்டினவன்."

"அப்ப மற்ற ரெண்டும் எங்க?"

கேள்வி தலையில் விழுந்ததுபோல சீமோன் அண்ணை எழுந்தார். கராஜின் பின்பக்கம், இரும்புத் தட்டுகளில் ஸ்காபரோவின் பாதிக் கோடை, கழற்றிய ரயர்களாக அடுக்கியிருந்தது. கடைசித் தட்டின் மூலையில் இரண்டு புத்தம்புது ரயர். மேலே மஞ்சள் சோக்கில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: முஸ்டாங். பின்னுக்கு. கட்டாயம் பூட்டவேணும்.

"திலக்சன்ர எழுத்து," என்றார் சீமோன் அண்ணை.

கட்டாயம் பூட்டவேணும் என்று எழுதத் தெரிந்தவன் ஏன் பூட்டாமல் விட்டான்? யாரோ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் திலக்சன் எதிர்த்துப் பேச முடியாத யாரோ.

"கார் ஓடத் தெரியாத ஆள் கேக்கிறன் சீமோன். குறை நினைக்கக் கூடாது." அக்கா வெளியே மேட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பின்னுக்குக் கோடை ரயரோட, செவ்வாய் விடியக் கொட்டின ஸ்னோவில, அந்தக் கார் உந்த மேட்டில ஏறியிருக்குமோ?"

"சான்சே இல்லை. உந்தத் தபால்பெட்டி வரைக்கும்கூட ஏறாது. நிண்ட இடத்தில சில்லுச் சுத்தும்."

"இறங்குமோ?"

"இறங்கும். இறங்குறதுக்கு ரயர் தேவையில்லை. நிப்பாட்டத்தான் ரயர் வேணும்."

அக்கா தெர்மோஸ் மூடியை இறுக்கினார். வழக்குச் சூடு பிடித்தால் அவர் பால் விடாத பிளேன் ரீ குடிப்பதை நிறுத்திவிடுவார். இரண்டு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே துப்பு அதுதான்.

"திலக்சன் கீழ இருந்து ஏறினதாச் சொல்லுறான். கார் மேல இருந்துதான் வந்திருக்கு. மாக்கஸ், காரை எடும்."

*

மேட்டில் ஏறும்போது மணி பதினொன்றே முக்கால். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன், பொலிசுக்கு ஒரு போன் என்று கராஜிலேயே ஒரு மணித்தியாலம் கரைந்திருந்தது. ஜெயமலரின் நிலையில் மாற்றமில்லை. வாக்குமூலம் இருக்கிற வழக்கில் ரயர்க் கதை கேட்க எங்களுக்கு நேரமில்லை என்று பொலிஸில் ஒருவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வளைவில் பஸ் தரிப்புக் கம்பம் சாய்ந்து நின்றது. அதில் யாரோ ஒரு ஊதாக் கம்பளித் தலைக்கட்டைக் கட்டிவிட்டிருந்தார்கள். ஜெயமலருடையதாக இருக்க வேண்டும். நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"மாக்கஸ், உம்மட காருக்கு எத்தினை ஸ்னோ ரயர்?"

"ரெண்டு அக்கா. முன்னுக்கு."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. வந்த முதல் வின்ரர் அறையில இருந்த பெடியள் அப்பிடிப் போட்டாங்கள், நானும் போட்டன். பேந்து எனக்குப் பிறகு வந்தவங்களுக்கு நான் சொன்னன்."

"அப்ப ஒரு ஆள் பத்துப் பன்னிரண்டு வருசமா உம்மடது மாதிரி முன்சில்லு இழுக்கிற கார் மட்டும் ஓடியிருந்தால், எந்தக் கார் வந்தாலும் ரெண்டை முன்னுக்குத்தான் பூட்டச் சொல்லுவார்."

"ஓம். நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது. ஆனாலும் என் மண்டை ராகுலனையே சுற்றியது. இருபத்திரண்டு வயது, சிவப்பு முஸ்டாங். வேறு யாரைத் தேடுவது? "அக்கா, எனக்கெண்டால் பொடியன்தான் ஓடியிருக்கிறான். தேப்பன் பெரிய மனுசன், கோயில் நிர்வாகம். மகனைக் காப்பாத்தத் திலக்சனைப் பிடிச்சுக் குடுத்திருக்கிறார்."

"ஒண்டரை மணித்தியாலம் நிண்டு நாலு ரயர் தெரிஞ்செடுத்தவனோ ரெண்டை விட்டிட்டு ஓடினவன்?"

கியரை மாற்றினேன்.

சிவபாதத்தார் வீடு மேட்டின் உச்சியில், புதுச் செங்கல் வீடு. வீதிக்குச் சரிந்திறங்கும் ட்ரைவ்வே, கார் நிறுத்துகிற வழி. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்தது. கரண்டியால் வழித்த தோசைக்கல் மாதிரிச் சுத்தம், ஒரு துளி ஸ்னோ இல்லை. ஆனால் நடுவில், சில்லு ஏறி அமுங்கி ஐஸாகிப்போன இரண்டு துண்டு மட்டும் வழிக்காமல் கிடந்தது. பாய் அளவு அங்கொன்று, பாய் அளவு இங்கொன்று.

அக்கா குளிரையும் பாராமல் முழங்காலில் குந்தினார். ஒவ்வொரு துண்டிலும் ஐஸுக்குள் ஏதோ மஞ்சளாக நசிந்து கிடந்தது. கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழம்."

"புது ரயருக்குமோ?" என்றேன். "நல்லகாலம், வைப்பர் மாத்தேக்கை தேங்காய் உடைக்கேல்லை."

"எத்தினை பழம்?"

"ரெண்டு."

"காருக்கு எத்தினை சில்லு?"

புதுக் காருக்கு நாலு சில்லுக்கும் நாலு பழம் வைப்பார்கள். இங்கே புதுசு முன்னுக்கு இரண்டுதான். அதனால் பழமும் இரண்டுதான்.

"பழத்துக்குக் கீழ என்ன இருக்கு, பாரும்."

குனிந்து பார்த்தேன். வெள்ளையாக, விரல் தடிப்பில், அமுங்கிய ஸ்னோ. அதற்கும் கீழேதான் சீமெந்து. திங்கள் இரவு வரை நிலம் காய்ந்து கிடந்தது. செவ்வாய் விடியத்தான் ஸ்னோ. அதற்குப் பிறகு ஒரு துளியும் இல்லை. ஸ்னோவின் மேல் பழம், பழத்தின் மேல் சில்லு.

கார் செவ்வாய் விடியப்புறம் இங்கேயிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. மணி பன்னிரண்டு ஐந்து.

*

சிவபாதத்தார் கதவைத் திறந்தார். ஐம்பத்தெட்டு வயது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் மடித்த சால்வை, வீட்டுக்குள்ளும் நிமிர்ந்த நடை. எங்களை இருத்திவிட்டு மனைவி கமலாம்பிகையைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அந்தம்மா தட்டை வைத்துவிட்டுக் குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்கவில்லை.

"திலக்சன் நல்ல பொடியன்தான்," என்றார் சிவபாதத்தார். "வந்த முதல் வின்ரருக்குக் கோட்டு வாங்கிக் குடுத்ததே நான்தான். பிழை விட்டிட்டான். என்ன செய்யிறது."

"கார் திங்கள் இரவு எங்க நிண்டது அண்ணை?"

"கராஜில. பொலிசுக்கும் அதைத்தான் சொன்னனான். அவனும் அதைத்தான் சொல்லியிருக்கிறான்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொல்லியிருக்கிறியள்," என்றார் அக்கா. அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. "தம்பி ராகுலன் எங்க?"

"விட்பியில வேலை. இப்ப வாற நேரம்தான்."

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டே கால். இங்கிருந்து எக்ளின்ரன் வீதிக்கு இந்த வீதி நிலையில் முக்கால் மணித்தியாலம். பன்னிரண்டரை ஆயிற்று. அக்கா ஆறிய தேத்தண்ணியைத் தொடாமல் கோயில் கட்டிட வேலை பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். திலக்சனை இந்நேரம் நீதிமன்றக் கூட்டுக்குள் கொண்டுவந்து இருத்தியிருப்பார்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு வெளியே கார் நின்ற சத்தம். ராகுலன் உள்ளே வந்தான். உயரமான பொடியன், வேலை யூனிபோர்ம், கண்ணில் நித்திரை இல்லை. நாங்கள் யாரென்று அறிந்ததும், "திலக்சன் அண்ணாவுக்கு என்னெண்டாலும் செய்யுங்கோ, ப்ளீஸ்," என்றான். மூஞ்சியில் ஒரு கள்ளமும் இல்லை. என் சந்தேகம் அப்போதே ஆட்டம் காணத் தொடங்கியது.

"தம்பி, உம்மட காரைப் போய்ப் பாத்தனீரோ?"

"இல்லை. பொலிஸ் டோ பண்ணிப்போட்டாங்கள்."

"முன்னுக்கு ரெண்டு ஸ்னோ ரயர் போட்டிருக்கு. பின்னுக்குப் பழசு."

அவன் ஏதோ பகிடி என்பதுபோலச் சிரிக்கப் பார்த்தான். "நோ. நாலு. நான் நாலு ஓடர் பண்ணினனான். அது றியர் வீல் டிரைவ். அப்பிடிப் போட்டால் தற்ஸ் சூசைட்." அவன் குரல் ஏறியது. "திலக்சன் அண்ணா அப்பிடிப் போடவே மாட்டார். ஆரோ போடச் சொல்லியிருக்கோணும். கார்களைப் பற்றி ஒண்டுமே தெரியாத ஆரோ..."

வசனம் பாதியில் நின்றது. அவன் மெதுவாகத் திரும்பித் தகப்பனைப் பார்த்தான்.

"செவ்வாய் விடிய நீர் எங்க தம்பி?"

"விட்பி. ஐஞ்சு மணி ஷிப்ட்." கண்ணைத் தகப்பனிடமிருந்து எடுக்காமலே சொன்னான். "அப்பாட கம்றிக் காரிலதான் போனனான். என்ர காருக்கு ரயர் வரும் மட்டும் கிழமை முழுக்க அதிலதான் போறன்."

கிளடிஸ் அக்கா சிவபாதத்தார் பக்கம் திரும்பினார். கேள்வியை மிக மெதுவாகத்தான் கேட்டார்.

"அண்ணை, திருவெம்பாவைக் காலம். நீங்கள் ஒரு நாளும் விடியப்பூசைக்குப் போகாமல் விடமாட்டியளாம், ஸ்காபரோவுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை எதில போனனீங்கள்?"

நான் கண்ட பெரிய மனுஷர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டால் சத்தம் போடுவார்கள். இவர் சத்தம் போடவில்லை. சால்வையை எடுத்து மடியில் வைத்தார். விரித்தார். திரும்ப மடித்தார்.

"திங்கள் பின்னேரம் நான்தான் நடந்துபோய்க் காரை எடுத்தனான்," என்றார். "ரெண்டு காணும், மற்ற ரெண்டும் வாற வருசத்துக்கு வைச்சிரு எண்டு சொன்னன். அவன் வேண்டாம் அங்கிள் எண்டான். ரெண்டு தரம் சொன்னவன். நீ வந்து ரெண்டு வருசம், நான் பதினொரு வின்ரர் கண்டவன் எண்டு பேசினன். பேசாமல் பூட்டினான். காரைக் கொண்டுவந்து வீட்டுக் கராஜுக்குள்ள விட்டன், தம்பி அறியேல்லை."

"விடிய?"

"பழம் வைச்சுத்தான் வெளிக்கிட்டனான். வளைவில அந்தப் பிள்ளை நிக்கிறது தெரிஞ்சுது. பிரேக் பிடிச்சன். முன்னுக்கு நிண்டுது. பின்னுக்கு..." கையால் ஒரு அரை வட்டம் போட்டார். கை அந்தரத்திலேயே நின்றது. "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இறங்கிக் கராஜுக்கு ஓடினன். அவன் அப்பதான் கதவு திறக்கிறான். சொன்னன். வெளுத்துப் போனான். நான் பூட்டின ரயர் அங்கிள், நான் பூட்டியிருக்கக் கூடாது, திறப்பைத் தாங்கோ எண்டான்."

"பழியை ஏற்கச் சொல்லி நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை. நான் கேக்கேல்லை. அவனாத்தான் சொன்னவன்." சால்வையின் மடிப்பைத் தடவினார். "நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

எனக்கு அந்த மனுஷனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம் என் கொரோலாவின் முன்னுக்குக் கிடந்த இரண்டு ரயரும் ஞாபகம் வந்தது. பிழையான ரயர் போடச் சொன்னதை நான் மன்னித்துவிடுவேன், அது என் பிழையும்தான். ஓடிப்போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"வக்கீலோட கதைச்சிட்டு, திங்கட்கிழமை அளவில..." என்று தொடங்கினார் சிவபாதத்தார்.

"திங்கள் அவன் குற்றவாளி அண்ணை. மணி ஒண்டாகப் போகுது." அக்கா எழுந்தார். "நான் வந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேல. ஒருக்காலும் நீங்கள் ஜெயமலர் எப்பிடி இருக்கிறா எண்டு கேக்கேல்லை."

"இவர் வரமாட்டன் எண்டால் என்ன செய்வியள்?" கேட்டது கமலாம்பிகை. அப்போதுதான் அவருடைய குரலையே கேட்டேன்.

அக்கா உண்மையைச் சொன்னார். "பெரிசா ஒண்டும் செய்யேலாது அக்கா. வெளியில ஐஸுக்குள்ள ரெண்டு எலுமிச்சம்பழம் இருக்கு. அதுவும் ட்ரைவ்வே வழிச்ச ஆள் அவசரத்தில விட்டதால தப்பினது."

"அவசரத்தில விடேல்லை," என்றார் கமலாம்பிகை. "வழிச்சது நான்."

ராகுலன் தாயை நோக்கித் திரும்பினான்.

"மூண்டு நாளா, காத்துக் கொண்டுவந்து போடுறதையும் வழிக்கிறன். அந்த ரெண்டு இடத்தில மட்டும் ஸ்னோ அள்ளுற சவள் வைக்கேல்லை. ஆராவது வந்து பாக்கட்டும் எண்டு விட்டனான்." அவர் உள்ளே போய்க் கணவரின் கோட்டையும் சப்பாத்தையும் கொண்டுவந்து காலடியில் வைத்தார். "என்னால பொலிசுக்குப் போய் என்ர வாயால சொல்ல முடியேல்லை. ஆனால் அதை வழிச்செறியவும் மனம் வரேல்லை. வெளிக்கிடுங்கோ."

சிவபாதத்தார் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, சப்பாத்தைப் போடாமல், தொலைபேசியிடம் போனார். அக்காவிடம் ஆஸ்பத்திரி இலக்கத்தைக் கேட்டு வாங்கித் தானே சுழற்றினார்.

*

ராகுலன் தாயோடு கம்றியில் பின்னால் வந்தான். என் காரில் சிவபாதத்தாரோடு நாங்கள் மூவர். முதல் கியரில், நடைவேகத்தில் இறக்கினேன். வளைவில் ஒரு கணம் என் காரின் பின்பக்கம் அரை அடி விலகிப் போனது. பிறகு திரும்பி வந்தது. சிவபாதத்தார் கண்ணை மூடவில்லை, கம்பத்தில் கட்டியிருந்த ஊதாத் தலைக்கட்டைப் பார்த்தபடியே வந்தார்.

நெடுஞ்சாலையில் உப்பு லொறிக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். நீதிமன்ற வாசலில் நான் பிரேக் பிடித்தபோது இரண்டு மணி ஐந்து நிமிடம். அக்கா ஓடுவதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

உள்ளே திலக்சன் ஏற்கெனவே எழுந்து நின்றான். ஒடிசலான பொடியன். ரயர் கறுப்பு இன்னும் நகக்கண்ணில் இருந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண், கேள்வியைத் தமிழில் சொல்லி முடித்துக்கொண்டிருந்தார். "...குற்றத்தை ஒப்புக்கொள்ளுறீங்களோ?"

"பொறு தம்பி."

எல்லாத் தலையும் திரும்பியது. சிவபாதத்தார் கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவழியில் நின்றார். "அம்மா, நீதவானுக்குச் சொல்லுங்கோ. காரை ஓடினது நான்."

காவலர் ஒருவர் அவரை நோக்கி நடக்க, நீதவான் கையை உயர்த்தி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். மண்டபத்தில் சலசலப்பு.

"பூட்டினது நான்தானே அங்கிள்," என்றான் திலக்சன்.

"நீ வேண்டாமெண்டு சொன்னனி. ரெண்டு தரம் சொன்னனி. அதையும் இவைக்குச் சொல்லு."

அதையும் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அரசு வக்கீல் எழுந்தார், திலக்சனின் வக்கீல் எழுந்தார், யாரோ ஒரு அதிகாரியைக் கூட்டிவர வெளியே ஓடினார். கிளடிஸ் அக்கா வாங்குப் பலகையில் தொப்பென்று இருந்து தெர்மோஸைத் திறந்து பிளேன் ரீயை ஊற்றினார். வழக்கு முடிந்தது என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

திலக்சன் அந்த அமளி எதையும் பார்க்கவில்லை. கம்பிக்கு மேலால் குனிந்து சிவபாதத்தாரைக் கேட்டான்.

"ஜெயமலர் அக்காவுக்கு எப்பிடி?"

"இன்னும் கண் முழிக்கேல்லை. இப்பதான் போன் எடுத்துக் கேட்டனான்."

திலக்சன் அவரையே பார்த்தான். மூன்று நாளாக யாருக்காகக் கூட்டுக்குள் இருந்தானோ அந்த மனுஷனை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இப்பதானோ, அங்கிள்?"

சிவபாதத்தார் தலையைக் குனிந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.